இடது கால் செருப்பு

ஹலோ... ஹலோ, அக்கா? கசில்டாக்கா?... நான்தான், தோமாசா... ஆமா, ஆமா, உன் தங்கச்சியேதான். குரல் ஒண்ணும் மாறல, மெதுவாப் பேசறேன், அவ்ளோதான். ஸ்பீக்கர்ல போட்டிருந்தா முதல்ல அத எடு. உன் மருமக காதுல விழுந்தா சாந்தியாகோ ஊர் பூராவும் விழுந்த மாதிரி...

எடுத்துட்டியா?... சரி.

கோயிலா? இல்லக்கா. கோயில்னு சொன்னது பொய். மூணு வாரமா சாயங்காலம் நவநாள் ஜெபம்னு சொன்னேன்ல... அதுவும் பொய்தான்... தெரியும், தெரியும், பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன், நீ ஃபாதர் மாதிரி பேசாத. நான் இப்ப எங்க நிக்கறேன் தெரியுமா? நம்ம ஊரு முதியோர் கிளப்புல, தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி. கழுத்துல நம்பர் அட்டை தொங்குது. பதினாலு.

...டொமினோ போட்டி.

...பாக்க வரலக்கா. ஆட வந்திருக்கேன்.

ஹலோ?... ஹலோ? லைன்ல இருக்கியா?... ஓ, சிரிக்கிறியா. சிரி, சிரி. நல்லா சிரிச்சு முடி, நான் காத்திட்டிருக்கேன்... முடிஞ்சுதா? ஃபைனலுக்கு வந்துட்டேன்னு சொன்னா அப்பவும் சிரிப்பியா?

...ஆமா. ஃபைனல். இன்னும் கால் மணி நேரத்துல. நானும் பொலோவும்.

...எந்த பொலோன்னா? முடிவெட்டுற பொலோ அண்ணன்தான்... ஐய, வாயக் கழுவு! எழுபத்திரெண்டு வயசு அவருக்கு. அவர் சம்சாரத்துக்கு முட்டி வீங்கி நடக்க முடியல. அவங்களேதான் "தோமாசாவக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

...என் வீட்டுக்காரரா? நிக்கனோரும் இங்கதான் இருக்காரு. அவரும் ஃபைனல்லதான். எங்களுக்கு எதிரா.

...யார் கூடவா? அதச் சொல்லத்தானக்கா கூப்பிட்டேன். வயிறு எரியுது. தண்ணித்தொட்டி பக்கத்துல நின்னும் எரியுது. ஒந்தினா கூட.

...ஆமா. அதே ஒந்தினாதான். எதுத்த வீட்டு ஒந்தினா. புருஷன் போய் மூணு வருஷம் ஆகல, நகத்துக்கு ரோஸ் கலர் பூசிட்டுத் திரியறாளே, அவளேதான்.

...இரு, இரு, வரிசையாச் சொல்றேன். போன வருஷம் ஆம்பளைங்க மட்டும் ஆடினாங்க. கடைசி ஆட்டத்துல எவனோ நாற்காலியத் தூக்கி எவன் மேலயோ போட்டுட்டான். அதனால இந்த வருஷம் புது சட்டம். ஒரு ஜோடின்னா ஒரு ஆம்பள, ஒரு பொம்பள. ரெண்டு பேரும் அறுபத்தஞ்சு தாண்டியிருக்கணும். பொம்பள எதுத்தாப்ல உக்காந்திருந்தா வாயும் கையும் அடங்குமாம்... ஆமா, நம்ம வீட்டு ஆம்பளைங்கள அவங்களுக்குத் தெரியல.

கேளு. அறுபத்தஞ்சு தாண்டியிருக்கணும்னா ஒந்தினா எப்படி சேந்தா? கேளுக்கா!... ஆங், அதான். நேத்து வரைக்கும் அம்பத்தொம்பது. போட்டின்னு போஸ்டர் ஒட்டினதும் ஒரே நாள்ல அறுபத்தாறு ஆயிட்டா. அடையாள அட்டைய மேசை மேல போட்டா பாரு, கூசாம! என் புருஷன் கூட ஆடணும்னா ஏழு வயசக்கூட விட்டுக் குடுப்பா அவ.

...நான் எதுக்கு அழணும்? அழல. சளி.

நாப்பத்திமூணு வருஷம்க்கா. நாலு மணி அடிச்சா மளிகைக்கடை வாசல், பாதாம் மரத்தடி, டொமினோ. கல்யாணத்துக்கு மறுநாளும் போனாரே, ஞாபகம் இருக்கா?... ஆமா, பூச்செண்டு வாடறதுக்குள்ள போனாரு. ஒரு நாள், ஒரே ஒரு நாள் "நீயும் வந்து உக்காரு"ன்னு சொல்லலை. சரி, அது ஆம்பளைங்க மேசை, விடு. இப்பதான் பொம்பள இல்லாம ஆட முடியாதுன்னு ஆயிடுச்சே! போஸ்டர் ஒட்டின அன்னிக்கு ராச்சாப்பாட்டுக்கு வாழைக்காய மசிச்சு, வெங்காயம் வதக்கிப் போட்டு, சீஸ் பொரிச்சு, நீலப்பூ போட்ட கவுன மாத்திக்கிட்டு எதுக்க உக்காந்தேன். இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு. சாப்பிட்டாரு. வாயத் தொடச்சாரு. "உப்பு கொஞ்சம் கம்மி"ன்னாரு. எழுந்து போயிட்டாரு.

மறுநாள் கிளப்பு சுவத்துல பேர்ப் பட்டியல். நிக்கனோர், ஒந்தினா. பக்கத்துப் பக்கத்துல. கல்யாணப் பத்திரிகை மாதிரி.

...நான் கேட்டிருக்கலாமா? நான் ஏன் கேக்கணும்? நீ உன் புருஷனக் கேப்பியா?... சரி, நீ கேப்ப. நான் கேக்க மாட்டேன்.

நேரா பொலோ அண்ணன் கடைக்குப் போனேன். அண்ணே, ஜோடி கிடைச்சாச்சான்னேன். இல்லம்மா, நான் சேரலன்னாரு. சேருங்கன்னேன்... ஆமா, அவ்ளோதான் பேச்சு. மூணு வாரமா சாயங்காலம் அவர் கடையில பழக்கம். அவரு, அவர் சம்சாரம், நான், இன்னொரு இடத்துக்கு யாரு முடிவெட்ட வராங்களோ அவங்க.

...வீட்லயா? வீட்ல ஒரு வார்த்த இல்ல. என் பேரும் பட்டியல்ல ஏறினதப் பாத்தாரு. "பாத்தேன்"னாரு. நான் "பாத்தீங்களா"ன்னேன். மூணு வாரமா அவ்ளோதான். சோறு போடவா, போடு. விளக்க அணைக்கவா, அணை.

அப்புறம் அந்த முடி! ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கெழமை, முப்பது வருஷமா, தவறாம பொலோ அண்ணன் கடையில போய் உக்காருவாரு. இப்ப கத்தரியே படல தலையில. காது மேல வந்து விழுது. வாலிபனாம்! அவளுக்குப் புடிச்சிருக்கு போல... தெரியாது, நானாத்தான் சொல்றேன். ஆனா புடிச்சிருக்கும்.

...ஆட்டமா? அத ஏன் கேக்கற. முதல் ஆட்டத்துலயே மானம் போச்சு. ஆம்பளைங்க ஏழு டொமினோக் கட்டையையும் ஒரு கையில புடிக்கறாங்க. நான் புடிச்சா ரெண்டு கீழ விழுந்துச்சு, மல்லாக்க. ஹால் பூரா பாத்துச்சு. அப்புறம் மேசையில நாலு கேட்டுச்சு, நாலு புள்ளிக் கட்டை ஒண்ணு என் கையில இருந்துச்சு, நான் இல்லன்னு நெனச்சு மேசைய ரெண்டு தட்டுத் தட்டி "பாஸ்"னு சொல்லிட்டேன். கடைசில கட்டையத் திருப்பிப் பாத்தா, நாலு பல்லக் காட்டுது. முப்பது புள்ளி அபராதம். அந்த ஒந்தினா பக்கத்து மேசையிலேருந்து திரும்பி ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு... அந்தச் சிரிப்புக்குத்தான்க்கா ஜெயிச்சேன். பொலோ அண்ணன் கட்டையக் கலைச்சு, "அடுத்தது"ன்னாரு. அதுக்கப்புறம் நான் தோக்கலை.

...எப்படி ஆடத் தெரியும்னா? நாப்பத்திமூணு வருஷமா பாத்திருக்கேனே! என் சமையக்கட்டு ஜன்னல் அந்தப் பாதாம் மரத்துக்கு நேரா இல்லையா? அவரு எப்பவும் ஜன்னலுக்கு முதுகக் காட்டித்தான் உக்காருவாரு. பாத்திரம் கழுவும்போது எனக்குத் தெரியறது அவரோட முதுகு, அவர் கையில இருக்குற ஏழு கட்டை. வேற யார் கையும் தெரியாது. மனசுக்குள்ள நானே ஆடுவேன். "அத வெட்டுய்யா, அஞ்சப் போடாத"ன்னு சோப்பு நுரைக்கிட்டப் பேசுவேன்.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத... சத்தியம் பண்ணு... சரி. பெரிய ஜோடிக்கட்டை இருக்குல்ல, அஞ்சுக்கு அஞ்சு, ஆறுக்கு ஆறுன்னு. அது கையில மாட்டிக்கிட்டு எறக்க வழியில்லன்னா அவரோட இடது கால் செருப்பு கழண்டுடும். மூஞ்சி கல்லு மாதிரி இருக்கும். கை அசையாது. மேசைக்குக் கீழ கால் மட்டும் செருப்ப விட்டு வெளிய வந்து, வலது குதிகால் மேல பெருவிரல வெச்சு சொறியும்... ஆமா! எப்பவும்! எதுக்க உக்காந்து ஆடறவன் எவனுக்கும் தெரியாது. பின்னாடி நின்னு பாத்தவளுக்குத்தான் தெரியும். அவருக்கே தெரியாதுக்கா.

...இரு. ஒரு நிமிஷம் இரு. பாரு, பாரு... காபி எடுக்கறாரு. கேன்டீன் ஜன்னல்ல தெரியுது. சர்க்கர போடறாரு. ஒரு ஸ்பூன். ரெண்டு. கலக்கறாருக்கா! இந்த மனுசன் என் வீட்ல ஒரு ஸ்பூனத் தொட்டுக் கலக்கினதில்ல. நான் கலக்கி, ஆத்தி, கையில குடுத்தா குடிப்பாரு. இப்ப போறாரு... குடுக்கறாரு... வாங்கிட்டா. சிரிக்கறா. எதுக்கு சிரிக்கறா? காபியில என்ன ஜோக்கு?

...நான் எட்டிப் பாக்கல. நின்ன இடத்துலேருந்து தெரியுது.

பரிசு என்னன்னு கேட்டியா நீ? கேக்கல பாரு. ரெண்டு ஆடுற நாற்காலி. மஹோகனி மரம், பிரம்புப் பின்னல், மேடையில செவப்பு ரிப்பன் கட்டி வெச்சிருக்காங்க. ஜோடிக்கு ரெண்டு. ஆளுக்கு ஒண்ணு. புரியுதா?... யோசி. அவங்க ஜெயிச்சா ஒண்ணு என் வராந்தாவுக்கு வரும், அதுல நிக்கனோர். இன்னொண்ணு அவ வராந்தாவுக்குப் போகும், அதுல ஒந்தினா. நடுவுல ஒரு தெரு. சாயங்காலமானா இவரு இப்படி ஆடுவாரு, அவ அப்படி ஆடுவா. நான் உள்ள நின்னு பீன்ஸ் வேகுதான்னு பாத்திட்டிருக்கணும். சாகற வரைக்கும்! மஹோகனிக்கா, அது சீக்கிரம் ஒடையாது!

...நாங்க ஜெயிச்சா ஒண்ணு எனக்கு, ஒண்ணு முடிவெட்டற கடைக்கு. அது பரவால்ல. அதுல அவ சம்சாரம்... அட, அவர் சம்சாரம் முட்டிய நீட்டி உக்காரட்டும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். அரையிறுதியில நான் அவங்க மேசைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். நிக்கனோர் ஒரு மூணு போட்டாரு. சும்மா போடல. யோசிச்சு, நிறுத்தி, மெதுவாப் போட்டாரு. அப்படி நிறுத்திப் போட்டா என்ன அர்த்தம்? "என்கிட்ட இன்னும் மூணு நெறய இருக்கு, தொடாத, காப்பாத்து"ன்னு அர்த்தம். ஜோடி பேசக்கூடாதுல்ல, இதான் பேச்சு. அந்த மேசையில உக்காந்தவன் எவனுக்கும் இது தெரியும். இவ என்ன பண்ணா தெரியுமா? டொக்குன்னு அந்த மூணையே அடச்சிட்டா! தன் ஜோடியோட நம்பரத் தானே அடச்சா! ஹால் பூரா "அய்யய்யோ"ன்னுச்சு. நான் ஒருத்திதான்க்கா சிரிச்சேன். நெஞ்சு குளுந்துடுச்சு. அந்த மனுசன் ரெண்டு நொடி பேசாம இருந்தா என்ன சொல்றாருன்னு இவளுக்குத் தெரியல. தெரியலக்கா!

...ஜெயிச்சிட்டாங்க. எதிராளி அதவிட முட்டாளு.

...என்ன?... நீ என்னமோ முழுங்கற. சொல்லு... இல்ல, சொல்லு. உன் குரல் எனக்குத் தெரியாதா?

...எப்ப?

...போஸ்டர் ஒட்டறதுக்கு முந்தின நாளா? புது சட்டம் அப்பவே தெரிஞ்சிருக்கா அவருக்கு? நிக்கனோரா? உனக்கா ஃபோன் பண்ணாரு?

...என்ன கேட்டாரு. வார்த்த மாறாம சொல்லு.

...

"கேட்டா வருவாளா"ன்னா கேட்டாரு?... நீ என்ன சொன்ன?... கசில்டா! நான் டொமினோவக் கண்டா மேசையக் கோடாலியால பொளப்பேன்னு சொன்னேன்னா சொன்ன?... சொன்னேன். சொன்னேன்தான்! முப்பது வருஷமாச் சொல்றேன்! அதுக்கு அதுவா அர்த்தம்? ஒரு பொம்பள மேசையப் பொளப்பேன்னு சொன்னா, என்னையும் கூப்பிடுன்னுதானடி அர்த்தம்! கூடப் பொறந்த உனக்குத் தெரியாதா?

...என்கிட்ட சொல்ல மறந்துட்டியா. மூணு வாரமா மறந்துட்ட. சரி.

...எவ்ளோ நேரம் பேசினாரு?... முக்கா மணி நேரமா! உன்கூட முக்கா மணி நேரம் பேசினாரா? என்கூட ஒரு மாசத்துக்குச் சேத்தா முக்கா மணி நேரம் வராது! என்ன பேசினீங்க?... என் மூட்டுவலி பத்தியா. என் மூட்டுவலி பத்தி என்கிட்ட கேக்க வேண்டியதுதான? உன்கிட்ட என்ன? வலி எனக்கா உனக்கா?... பொறாமையெல்லாம் இல்ல. அதென்ன அவ்ளோ நேரம்னு கேட்டேன்.

...ஆமா, உன் பேர்லயும் கோவந்தான். இன்னிக்கு எல்லார் பேர்லயும் கோவம்.

...முடியா? எதுக்கு இப்ப முடி? சொன்னேனே, மூணு வாரமா வெட்டிக்கல... நான் பொலோ அண்ணன் கடைக்குப் போக ஆரம்பிச்சது... மூணு வாரம்.

...

அக்கா. கொஞ்சம் இரு.

...இருக்கேன், இருக்கேன். அவருக்கா? பொலோ அண்ணன் மேலயா?... சும்மா சொல்லாத. அவருக்கு என்ன பொறாம? அவரு நிக்கனோர்க்கா... நெஜமாவா சொல்ற?... இன்னொரு தடவ சொல்லு... இல்ல, காது கேக்குது, சும்மா இன்னொரு தடவ சொல்லு.

...ஹ்ம். காதுக்கு மேல வளந்தா அரிக்குமே அவருக்கு. அரிச்சும் போகல. ஹ்ம்.

ஆங், வரேண்ணே! ரெண்டு நிமிஷம்... பொலோ அண்ணன்தான்க்கா, தேடிட்டு வந்துட்டாரு... சொல்லுங்கண்ணே... எது? அவரோட ஆட்டமா?... ஆமா, கூடவே வாழ்ந்தவதான்... கையில என்ன இருக்குன்னு காட்டிக்குடுக்கற அடையாளம் எதுவும் கிடையாதுண்ணே... நெஜமா இல்ல... இருந்தா சொல்ல மாட்டேனா? நீங்க போங்க, இதோ வந்தேன்.

...பொய்தான். அதனால என்ன? என் ஜோடின்னா ஆட்டத்துக்கு ஜோடி. அந்த இடது கால் செருப்பப் பத்தி அவருக்கு எதுக்குச் சொல்லணும்? நாப்பத்திமூணு வருஷம் ஜன்னல்ல நின்னு சேத்தது. ஊருக்கு எடுத்துக் குடுப்பேனா?... தோத்தாத் தோக்கறேன். குடுக்க மாட்டேன்.

...ஷ்! வராரு. இல்ல, பொலோ இல்ல, நிக்கனோர்! நேரா இங்கயே வராரு. வெச்சிடாத. லைன்ல இரு, பேசாத.

...என்ன?... கசில்டாக்கா கிட்டப் பேசிட்டிருக்கேன்... உங்கள விசாரிச்சா. எனக்கென்ன, உங்களோட முக்கா மணி நேரம் பேசறவதான... ஒண்ணுமில்ல. இது என்ன, காபியா?... எனக்கா?... சர்க்கர?

...போடலையாம்க்கா. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்காம்.

வெச்சிடுங்க அப்படி, தொட்டி மேல... குடிக்கறேன், குடிக்கறேன். ஆமா, முடி ஏன் இப்படி வளந்து கெடக்கு?... கடையில கூட்டமா? என்ன கூட்டம்? அங்க புதுசா வந்தது நான் ஒருத்திதான?

...

சரி, விடுங்க. ஏன் தலை குனியறீங்க... ஆமா, நாற்காலி நல்ல நாற்காலிதான்... யார் ஜெயிச்சாலும் ஒண்ணு நம்ம வீட்டுக்கு வரும். வரும். ஒண்ணுதான் வரும். ரெண்டு வராது. ஏன் வராதுன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க... இப்ப வேண்டாம், மெதுவா யோசிங்க. போங்க, உங்க ஜோடி தேடறா.

...ஹலோ?... போயிட்டாரு... கேட்டுச்சா? முழுசாவா?... கடைசில என்ன சொன்னாரா? மெதுவாத்தான் சொன்னாரு. "அடுத்த வருஷம்"னாரு. அவ்ளோதான். அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு.

...நான் என்ன சொல்றது? காபி கொஞ்சம் ஆறிப்போச்சுன்னேன். அன்னிக்கு உப்பு கம்மின்னாருல்ல, அதுக்கு இது.

...ஆறலக்கா. நல்லாத்தான் இருக்கு. சூடாத்தான் இருக்கு.

...அழல. சளின்னு சொன்னேன்ல.

கூப்பிடறாங்க. மைக்கில என் பேரு... கேக்குதா?... வெச்சிடாத, நடந்துக்கிட்டே பேசறேன். ஐயோ, எவ்ளோ கூட்டம்... தள்ளுங்கப்பா, தள்ளுங்க, நான் ஆடறவ... என்னவா? விட்டுக் குடுக்கணுமா? யாருக்கு? போடி! நசுக்கிடுவேன். அந்த ரெண்டாவது நாற்காலி எதுத்த வராந்தாவுல ஏறக்கூடாது. அவரு நாளைக்கு நாலு மணிக்குப் பாதாம் மரத்தடில உக்காந்து "என் பொண்டாட்டி என்னத் தோக்கடிச்சா"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும். ஜன்னல் தெறந்துதான இருக்கும், கேப்பேன்.

...உக்காந்துட்டேன். பொலோ அண்ணன் எதுக்க. அவ எனக்கு இடப்பக்கம். இவரு... இவரு எனக்கு வலப்பக்கத்துல. முட்டிக்கு முட்டி இடிக்கற தூரம். அவரோட இடது பக்கம் நான்தான்க்கா... இல்ல, இத்தன வருஷத்துல இவ்ளோ பக்கத்துல உக்காந்து பாத்ததில்ல இந்த மேசைய.

கலைக்கறாங்க. சத்தம் கேக்குதா?... நல்லா இருக்குல்ல? ஜன்னல்லேருந்து இப்படிக் கேக்காது.

...எடுத்துட்டேன். ஏழும் நிக்குது. ஒண்ணும் விழல... ஃபோனா? இதோ வெச்சிடறேன் நடுவர் ஐயா, ஊர்லேருந்து அக்கா, ஒரே நிமிஷம்...

அக்கா. அக்கா, கேளு. மெதுவாச் சொல்றேன்... மூஞ்சி கல்லு மாதிரி வெச்சிருக்காரு. கீழ... இடது செருப்பு கழண்டுடுச்சு.

...ஆமா. இப்பதான். பெருவிரல் சொறியுது.

...யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பொலோ அண்ணன் என்னையே பாக்கறாரு, பாக்கட்டும்... உன்கிட்ட ஒருத்திகிட்டதான் சொல்லியிருக்கேன். நீயும் மறந்துடு... விளையாட்டுக்குச் சொல்லலக்கா. மறந்துடு. அது என்னோடது... மறந்துட்டியா?... சத்தியமா?...

இதோ ஐயா, அணைச்சிட்டேன், அணைச்சிட்...